ஏற்றியபோது நன்றாக இருந்தது, இறக்கியபோது இல்லை: கறிக்கோழிகளை இறைச்சிக்கூடம் கொண்டுசேர்ப்பதில் வரும் கோளாறுகள்

ஆறு, ஏழு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்த கோழி கடைசி இரண்டு மணி நேரப் பயணத்தில் வீணாகும்போது வயிறு எரிகிறது. எனக்கு அது பல முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வண்டியையும் வெயிலையும் சாலையையும் குறை சொன்னேன். பிறகு கூடத்தில் கோழிகளை இறக்கும் இடத்திலேயே நின்று, உரித்த கோழியைப் புரட்டிப் பார்க்கப் பழகினேன். அப்போதுதான் விளங்கியது: பெரும்பாலான சேதம் வண்டி கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தீவனத் தொட்டியை எடுத்த நேரமும் கோழியைப் பிடித்த கையும்தான் பாதிக்கு மேல் தீர்மானிக்கின்றன.

அதனால் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போகும்படி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் கோழியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும்; கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

## ஏற்றுவதற்கு முன்பே கோழி சரியில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த நிலையில் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஏற்றாதீர்கள்.

கடைசி இரண்டு மூன்று நாட்களில் திடீரென்று பல கோழிகள் இறந்திருந்தால், முகமோ கொண்டையோ வீங்கி நீலம் பாய்ந்திருந்தால், மூக்கு ஒழுகி மூச்சில் கரகரப்பு கேட்டால், எச்சத்தில் ரத்தம் இருந்தால், கூட்டம் முழுவதும் தீவனத்தையும் தண்ணீரையும் ஒருசேரக் குறைத்துவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களில் கோழியை இடம் மாற்றுவதுதான் நோயைப் பரப்பும் வேகமான வழி. வண்டி, கூண்டு, உங்கள் காலணி என எல்லாமே அதைச் சுமந்து செல்லும். கூடத்தில் முன்பதிவு செய்த நாள் போய்விடுமே என்ற கவலையில் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். நாள் போனால் வேறு நாள் கிடைக்கும்.

ஒரு கோழி மட்டும் நொண்டினாலோ வயிறு உப்பியிருந்தாலோ அதை மட்டும் தனியே ஒதுக்குங்கள். நிற்க முடியாத கோழி பயணத்துக்குத் தகுதியானது அல்ல.

## கூண்டைத் திறந்தால் இறந்த கோழி

எத்தனை இறந்தன என்பதைவிட எங்கே இறந்தன என்பதுதான் முக்கியம். எந்த அடுக்கு, வெளிப்பக்கக் கூண்டா உட்பக்கக் கூண்டா என்று இறக்குவதற்கு முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டுகளைக் கலைத்துவிட்டால் அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது.

ஒரே கூண்டில் பல கோழிகள். நெரிசல்தான் முதல் சந்தேகம். தலையை எண்ணி ஏற்றாமல் எடையைக் கணக்கிட்டு ஏற்றவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1/2005 எண் விதிமுறை, 1.6 கிலோவிலிருந்து 3 கிலோவுக்குள் இருக்கும் கோழிக்கு ஒரு கிலோ உயிர் எடைக்கு 160 சதுர சென்டிமீட்டர் தரை வேண்டும் என்கிறது. எங்கே இருப்பவருக்கும் கணக்குப் போட இது நல்ல அளவுகோல். உள்ளளவில் 75 சென்டிமீட்டர் நீளம், 55 சென்டிமீட்டர் அகலம் உள்ள கூண்டின் தரை 4,125 சதுர சென்டிமீட்டர். இரண்டு கிலோ கோழிக்கு 320 வேண்டும். பன்னிரண்டு கோழி போகும். இரண்டரைக் கிலோ கோழிக்கு 400 வேண்டும், பத்துதான் போகும். போன முறை பன்னிரண்டு ஏற்றினோமே என்று வளர்ந்த கோழியையும் பன்னிரண்டாகத் திணிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. புழுக்கமான நாளில் நான் பத்தையும் எட்டாக்கிவிடுவேன்.

அதற்காக ஒரு கூண்டில் மூன்று கோழி மட்டும் விடுவதும் நல்லதல்ல. வளைவுகளில் பிடிமானம் இல்லாமல் சறுக்கி ஒரு பக்கச் சுவரில் போய் மோதும். மீதமாகும் கோழிகளை மற்றக் கூண்டுகளில் கணக்குக்குள் பிரித்துவிடுங்கள், அல்லது சிறிய கூண்டில் போடுங்கள்.

நடு அடுக்கில், உட்பக்கக் கூண்டுகளில் மட்டும். காற்று அங்கே போகவில்லை. கூண்டு வரிசைகளுக்கிடையில் உங்கள் கை தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். தார்ப்பாய் முன்பக்கத்தை மட்டும் மறைக்கிறதா, பக்கவாட்டையும் சேர்த்து மூடிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், அதிகபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை நடுக்கூண்டின் உட்புறம் கட்டிவிட்டு ஒரு முறை போய்வாருங்கள். வெளியே இதமாக இருந்த விடியற்காலையிலும் உள்ளே என்ன வெப்பம் ஏறியிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். மூடிய வேனோ காரின் பின்பெட்டியோ என்றால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. அவை கோழிக்கு ஏற்ற வண்டிகள் அல்ல. பக்கம் திறந்த வண்டிக்கு மாறுவது ஒன்றே வழி.

அங்கொன்றும் இங்கொன்றுமாக. இறந்த கோழியின் அடிவயிற்றை விரலால் அழுத்துங்கள். தண்ணீர்ப் பைபோலத் தளும்பினால் அது வயிற்றில் நீர்கோத்த கோழி. வேகமாகச் சதை வைக்கும் இனங்களில் இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாமல் இப்படி ஆவது உண்டு. அதைப் பயணம் கொல்லவில்லை, முடித்துவைத்தது. ஏற்றும்போதே ஒதுக்கியிருக்க வேண்டும். தளும்பாமல் ஒரு பக்கத் தொடை மட்டும் கருநீலமாக வீங்கியிருந்தால், பிடித்த கையின் வேலை. கீழே தொடை விலகல் பற்றிய பகுதியைப் பாருங்கள்.

எப்போது மருத்துவர்? இரண்டு பயணங்களில் தொடர்ந்து, இடம் ஒரு காரணத்தையும் காட்டாமல் கோழி இறந்தால். இறந்த கோழி ஒன்றைப் பையில் கட்டிக் குளிர்ச்சியாக வைத்து அன்றே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உறையவைக்கக் கூடாது, உறைந்தால் உள்ளுறுப்புகளில் பார்க்கவேண்டியது கெட்டுவிடும்.

## வாய் பிளந்து மூச்சிரைக்கிறது

கோழிக்கு வியர்க்காது. வாய்வழி ஈரத்தை வெளியேற்றித்தான் உடலைக் குளிர்விக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் என்பதால் மேலே ஏற அதிக இடமில்லை. மூச்சிரைப்பைப் பார்த்ததும் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

வண்டி நின்றிருக்கும்போது மட்டும் இரைத்தால் மருந்து எளிது: நிற்காதீர்கள். எரிபொருளை முந்தின நாளே நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் இறங்குவதைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியில் சமாளித்த கோழி, நின்ற வண்டியில் பதினைந்து நிமிடத்தில் தலையைத் தொங்கப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கூடத்தில் காத்திருக்க நேர்ந்தால் நிழலில், காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். முடிந்தால் கூண்டுகளை இறக்கி, இடைவெளி விட்டுப் பரப்பிவையுங்கள்.

வண்டி ஓடும்போதும் இரைத்தால் தார்ப்பாயை விலக்குங்கள். அதுவும் போதாவிட்டால் நெரிசல். இரண்டும் இல்லை என்றால் கிளம்பும் நேரமே தவறு. விடியும் முன் கூடத்தில் இருக்கும்படி மாற்றுங்கள்.

கூண்டுக்குள் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது ஈரப்பதத்தைத்தான் ஏற்றும். காற்றில் ஈரம் ஏறினால் மூச்சிரைப்பால் பயனே இல்லை. பலமான மின்விசிறி சுழலும் இடத்தில் மெல்லிய தூவல் உதவும், விசிறி இல்லாமல் உதவாது. அடிக்கடி வெயில் காலத்தில் போகவேண்டியிருந்தால் மின்விசிறி வாங்குவது வீண் செலவல்ல.

## நனைந்து, ஒடுங்கிக் கிடக்கிறது

இது குளிரின் அறிகுறி. உலர்ந்த இறகு குளிரைத் தாங்கும், நனைந்த இறகு தாங்காது. மழையா, மேல் அடுக்கின் எச்சம் ஒழுகியதா என்று பாருங்கள். எச்சம் என்றால் அடுக்குகளுக்கிடையில் ஒரு தகடோ கெட்டி அட்டையோ போதும். மழையென்றால் மேற்புறமும் முன்புறமும் தார்ப்பாய், பின்புறம் திறப்பு. நனைந்த கோழியோடு வேகமாக ஓட்டுவது குளிர்காற்றை நேராக அதன் தோலுக்கே அனுப்புவதாகும். ஓரமாக நிறுத்தி மூடிவிட்டுப் போங்கள்.

## உரித்த கோழியில் ரத்தக்கட்டு

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ரத்தக்கட்டின் நிறம் ஒரு கடிகாரம். அதைப் படிக்கத் தெரிந்தால் யாரையும் குறை சொல்லாமலே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

*பளிச்சென்ற சிவப்பு:* சற்று முன் ஏற்பட்டது. கூண்டிலிருந்து இழுத்து எடுத்தபோதோ, தலைகீழாக மாட்டியபோதோ பட்ட அடி. கூடத்தில் இறக்குபவரோடு பேச வேண்டும்.

*அடர் சிவப்பும் ஊதாவும் கலந்தது:* ஏறத்தாழ அரை நாளுக்கு முந்தையது. நீங்கள் இரவில் பிடித்துக் கூண்டில் போட்ட நேரம்.

*பச்சை பாய்ந்தது:* ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகிவிட்டது. பயணத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கொட்டகைக்குள் ஏதோ துரத்தியிருக்கிறது, அல்லது தொட்டியின் விளிம்பு மோதியிருக்கிறது, அல்லது எடை பார்க்கப் பிடித்தபோது அடிபட்டிருக்கிறது.

நிறத்துக்கு அடுத்தது இடம். மார்பில் என்றால் கூண்டுக்குள் எறியப்பட்டிருக்கிறது, அல்லது வாயில் சிறிதாக இருந்து விளிம்பில் இடித்திருக்கிறது. தொடையில் என்றால் பிடித்த விதம். முதுகிலும் இடுப்பிலும் நகக் கீறல்கள் என்றால், மூலையில் நெருக்கியபோது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது.

பிடிப்பதைத் திருத்த ஒரு காசும் செலவில்லை. இருட்டில் பிடியுங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கிய நீல விளக்கு. நீல ஒளியில் கோழிக்குப் பார்வை மட்டு. கூட்டத்தை ஒரேயடியாக நெருக்காமல், ஒரு பலகையைத் தடுப்பாக வைத்துப் பதினைந்து இருபதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு சிறகுகளின் மேல் வைத்து உடலோடு அணைத்துத் தூக்குங்கள். முதல் நொடியில் விரல்களுக்கு அடியில் இதயம் படபடவென்று அடிப்பது தெரியும். சிறகு அசையாமல் இருந்தால், கூண்டுவரை நடக்கும் அந்த நாலு அடிக்குள் கழுத்து தளர்ந்து கோழி அமைதியாகிவிடும். கூண்டில் எறியாமல் கால் தரையில் படும்படி இறக்கி, பிறகு கையை எடுங்கள். நூறு கோழிக்கு இப்படிச் செய்ய இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மார்பின் உட்சதை, அந்த விரல்போன்ற நீளத் துண்டு மட்டும் பச்சையாகச் சுருங்கியிருந்தால் அது வேறு. பல நாளுக்கு முன் கோழி பயந்து கடுமையாகச் சிறகடித்ததால் அந்தத் தசைக்கு ரத்தம் நின்றுபோயிருக்கிறது. வளர்க்கும் காலத்தில் அச்சுறுத்தியது எது என்று தேடுங்கள்.

## சிறகு முறிந்திருக்கிறது, தொடை விலகியிருக்கிறது

முறிந்த இடத்தைச் சுற்றி ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உயிரோடு இருந்தபோது முறிந்தது. சுற்றிலும் சதை சுத்தமாக இருந்தால், இறந்தபின் இறகு பறிக்கும் எந்திரத்தில் முறிந்தது. அதை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம், எந்திரத்தைச் சரிபார்க்கும்படி கூடத்தில் சொல்லுங்கள்.

உயிரோடு முறிந்தது சிறகு என்றால், ஒரு சிறகைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், அல்லது மூடியை மூடும்போது வெளியே நீண்ட சிறகு நசுங்கியிருக்கிறது. ஒவ்வொரு கூண்டையும் தூக்குவதற்கு முன் நான்கு பக்கமும் கையால் ஒரு முறை தடவுங்கள்; நீட்டிக்கொண்டிருக்கும் விரலும் சிறகு நுனியும் கையில் தட்டுப்படும்.

தொடை என்றால் ஏறத்தாழ எப்போதும் ஒற்றைக்காலில் தூக்கியதுதான். முழு எடையும் ஒரு மூட்டில் தொங்க, கோழி சிறகடித்துத் திரும்ப, தொடை எலும்பு கிண்ணத்திலிருந்து கழன்று உள்ளே ரத்தம் பெருகுகிறது. அந்த நேரத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. கூண்டுக்குள் அது மெல்ல இறந்துகொண்டிருக்கும். காலைப் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, மார்பைத் தாங்குங்கள். உதவிக்கு வருபவர்களுக்கு இதை வேலை தொடங்குமுன் செய்து காட்டிவிடுங்கள்.

கூண்டின் உடைந்த கம்பி, பிளாஸ்டிக் முனை ஆகியவற்றைக் கடைசியாகப் பாருங்கள். உடைந்த கூண்டை ஒட்டுப்போடுவதைவிடத் தூக்கிப்போடுவது நல்லது.

## தீனிப்பை நிறைந்திருக்கிறது, அல்லது குடல் கிழிகிறது

இரண்டும் எதிரெதிர்க் கோளாறுகள். (தீனிப்பை என்பது கழுத்தின் அடியில் தின்ற தீவனம் முதலில் தங்கும் பை.) ஒன்றுக்குத் தீவனத்தை நிறுத்தியது போதவில்லை, மற்றொன்றுக்கு அதிகமாகிவிட்டது. தீவனம் எடுத்ததிலிருந்து அறுக்கும் நேரம்வரை 8 முதல் 12 மணி நேரம் இருக்க வேண்டும். கூண்டில் ஏற்றும் நேரம்வரை என்று நினைத்துக் கணக்குப் போட்டு நானே முதலில் தவறினேன். தண்ணீர் மட்டும் பிடிக்கும் நிமிடம்வரை இருக்க வேண்டும்.

தீனிப்பையில் கெட்டியாகத் தீவனம். நேரம் தாமதம், அல்லது தொட்டியை எடுத்தும் தரையில் சிந்தியது கிடந்தது. காலை எட்டு மணிக்கு அறுப்பு என்றால் முந்தின இரவு பத்து மணிக்குத் தொட்டி கொட்டகையைவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

தீனிப்பையில் கூளம், அதாவது தரையில் பரப்பிய உமியோ மரத்தூளோ. பசியில் தரையைக் கொத்தியிருக்கிறது. தீவனத்தோடு தண்ணீரையும் எடுத்துவிட்டால் இப்படி ஆகும்; நீண்ட நேரம் பட்டினி போட்டாலும் ஆகும். நேரத்தைக் குறைத்து, தண்ணீரை விட்டுவைத்துப் பாருங்கள்.

தீனிப்பையில் புல். மேய்ச்சல் கோழிகளில் மட்டும். தொட்டியை எடுத்தால் போதாது, புல்லிலிருந்தும் கோழியை எடுக்க வேண்டும். முந்தின மாலையே வெறுந்தரைக்கோ கம்பிவலைத் தரைக்கோ மாற்றிவிடுங்கள்.

நேரம் சரி, ஆனாலும் குடல் நிறைந்திருக்கிறது. தீவனத்தை எடுத்த உடனே விளக்கை அணைத்தீர்களா? உடனே கூண்டில் அடைத்தீர்களா? இருட்டில் முடங்கிய கோழிக்கும் அடைபட்ட கோழிக்கும் குடல் மெதுவாகத்தான் காலியாகும். தீவனம் எடுத்தபின் நான்கு மணி நேரமாவது வெளிச்சத்தில், தண்ணீரோடு, நடமாட விடுங்கள்.

குடல் தொட்டதும் கிழிகிறது, ஈரலைச் சுற்றிப் பச்சைக் கறை. பட்டினி பன்னிரண்டு மணியைத் தாண்டிவிட்டது. குடல் சுவர் மெலிந்துவிடும், பித்தப்பை பெருத்துவிடும். எடுக்கும்போது உடைந்து கறியெல்லாம் கசியும். பெரும்பாலும் வீட்டில் நேரம் சரியாகத்தான் இருந்திருக்கும், கூடத்தில் வரிசை நீண்டிருக்கும். எத்தனையாவது ஆளாக உங்கள் கோழி அறுபடும் என்று முன்பதிவின்போதே கேட்டு, அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் காக்கவைத்தால், முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கூடத்தை மாற்றுங்கள்.

## வீட்டில் பார்த்த எடைக்கும் அங்கே பார்த்த எடைக்கும் பொருந்தவில்லை

முதலில் இரண்டு தராசுகளிலும் ஒரே கல்லை வைத்துப் பாருங்கள். தராசு சரியென்றால், தீவனம் நிறுத்தியதிலிருந்து மணிக்குக் கால் முதல் அரை சதவீதம்வரை குறைவது இயல்பு. வெயிலில் இரைத்த கோழி இன்னும் இழக்கும். அதற்கும் மேல் குறைந்தால் தலைகளை மறுபடி எண்ணுங்கள்.

## கூடம் கோழியை ஏற்க மறுக்கிறது

மருந்து கொடுத்த கோழிக்கு, கடைசி வேளைக்கும் அறுப்புக்கும் இடையில் விடவேண்டிய நாட்கள் மருந்தின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். கொடுத்த தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். தீவனத்திலேயே மருந்து கலந்திருக்கலாம். தீவன மூட்டையின் சீட்டையும் படியுங்கள். நாள் போதாவிட்டால் மருத்துவரிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம். மற்றபடி, மார்பிலும் அடிவயிற்றிலும் எச்சம் அப்பிய கோழியையும் மறுப்பார்கள். அது ஈரக் கூளத்தின் விளைவு; கடைசி வாரத்தில் உலர்ந்த கூளம் சேர்த்தால் போதும்.

## போய்வந்தபின் அடுத்த தொகுதியில் நோய்

கோழி போய்விட்டது, ஆனால் கூண்டு திரும்பி வந்திருக்கிறது. பல பண்ணைகளின் கூண்டுகள் ஒன்றாகக் கிடக்கும் இடத்திலிருந்து வந்தது அது. முதலில் பிரஷ்ஷால் தேய்த்து எச்சத்தைக் கழுவுங்கள், பிறகு சோப்பு நீர், பிறகுதான் கிருமிநாசினி. எச்சத்தின் மேலேயே தெளித்த கிருமிநாசினி எச்சத்திலேயே செயலிழந்துவிடும். வண்டியின் தளத்தையும் சக்கரத்தையும் காலணியின் அடியையும் இதே வரிசையில் கழுவுங்கள். கூடத்துக்கு அணிந்துபோன உடையோடு குஞ்சுகளின் பக்கம் போகாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் நோய் திரும்பினால் மருத்துவரிடம் கூண்டின் மூலைகளிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கழுவிய கூண்டுகளைக் கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், நல்ல வெயிலில் காயவிடுங்கள். மூடியின் கீலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, அங்கேயும் ஈரம் இல்லையென்றால் உள்ளே எடுத்துவைக்கலாம்.